கொம்புப்பாறையின் வயது

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ராஜாம்பாள் ஒரு கடை வைத்திருந்தாள். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். கல்லூரியில் நிலவியல் படித்தவள். பாறையைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு இந்தப் பக்கத்தில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? வருமானச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு அடித்துக் கொடுத்தே நாற்பது வயதைத் தாண்டிவிட்டாள். மதியம் கூட்டம் குறைந்ததும் கம்ப்யூட்டரில் வேறொரு வேலையைத் திறந்து வைத்துக்கொள்வாள். இணையத்தில் இருக்கும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்துகிற வேலை. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். சம்பளம் இல்லை. கட்டுரைக்கு அடியில் பெயரும் வராது. அவளுக்கு அதுவே பிடித்திருந்தது.

அந்த வருடம் மாசி வாக்கில் ‘வெப்பக் காலக்கணிப்பு’ என்ற கட்டுரை கண்ணில் பட்டது. மொத்தமே நான்கு வரி. யாரோ ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தை வைத்து மொழிபெயர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ‘பாறைகள் தங்களது சூடான வரலாற்றுடன் தேதி வைத்துக்கொள்கின்றன’ என்று இருந்தது முதல் வரி. கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் நான்கு வரியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான். சில பாறைகளுக்குள் அபடைட் என்கிற கனிமம் பொடிப்பொடியான படிகங்களாக இருக்கும். அதில் சிறிதளவு யுரேனியம். அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஹீலியம் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பாறை சூடாக இருக்கும்வரை அந்த வாயு வெளியே தப்பிவிடும். ஆறிய பிறகுதான் உள்ளே தங்கும். எவ்வளவு வாயு தங்கியிருக்கிறது என்று அளந்தால் அந்தப் பாறை ஆறி எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுவிடலாம். பூமிக்கடியில் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த பாறை எப்போது மேலே வந்து குளிர்ந்தது என்பது அதில் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி இதை எழுதிவிட வேண்டும் என்று மெனக்கெட்டாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

கட்டுரைக்கு உதாரணம் வேண்டும். வெளிநாட்டு மலைகளைச் சொல்லுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே தெரிகிற மலை இருக்கிறதே! தேடிப் பார்த்ததில் பூமாலை என்கிற ஆராய்ச்சியாளர் சில வருடங்களுக்கு முன் கல்வராயன் மலைப் பாறைகளை எடுத்து ஆராய்ந்து சமர்ப்பித்த ஆய்வேடு கிடைத்தது. அதில் ஓர் அட்டவணை. மலையில் பல இடங்களிலிருந்து எடுத்த கல், அது ஆறிய காலம். எல்லாமே கோடிக்கணக்கான ஆண்டுகள். ஒன்றைத் தவிர.

‘கொம்புப்பாறை, வெள்ளிமலைக்கு மேற்கே’ என்ற இடத்துக்கு நேரே இருந்த எண் சில லட்சம் ஆண்டுகளைத்தான் காட்டியது. ராஜாம்பாள் முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தாள். அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் ‘ஆய்வகப் பிழையாக இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பு. பக்கத்துக் கல்லெல்லாம் கோடி வருடங்களாகக் குளிர்ந்து கிடக்கும்போது நடுவில் ஒரு பாறை மட்டும் நேற்றுதான் ஆறினேன் என்று சொன்னால் எப்படி நம்புவது?

அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றைப் போட்டால் அது நேர்மையில்லை. போட்டால் விளக்கம் சொல்லவேண்டும். சொந்தமாக ஊகித்து எழுதுவதற்கும் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. அச்சில் வந்ததை ஆதாரம் காட்டித்தான் எழுத வேண்டும். அவள் பூமாலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்.

பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மறுநாளே போன் வந்தது.

“மேடம், அந்த நம்பரப் பத்தி இதுவரைக்கும் யாருமே என்னைக் கேட்டதில்லைங்க” என்றார் பூமாலை. “பார்த்தப்ப எனக்கே திக்குனு ஆயிடுச்சு. மறுபடி மறுபடி அளந்தேன், அதேதான் வந்துது. அடியில ஒரு குறிப்பு போட்டு விட்டுடுன்னு கைடு சொல்லிட்டாரு. விட்டுட்டேன்.”

அவருக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. அடுத்த வாரம் ஊருக்கு வருவதாகவும், வந்தால் மலைக்குப் போய் அந்தப் பாறையை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றும் சொன்னார். கட்டுரைக்கு ஒரு புகைப்படம் கிடைக்குமே என்று ராஜாம்பாளும் வருவதாகச் சொன்னாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறிய பேருந்து அவர்களை வெள்ளிமலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கண்ணுசாமி என்கிறவரின் ஜீப். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றுகிற வண்டி. கொம்புப்பாறை என்றதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

“அங்க இன்னா சார் வேலை?”

“கல்லு பாக்கணும்ப்பா.”

“கல்லு இங்கேயே எவ்ளோ கெடக்குது” என்றார் கண்ணுசாமி. ஆனால் வண்டியை எடுத்தார்.

பாதை முடிந்த இடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். மாட்டுக் கொம்பு போல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பெரிய பாறை. அதன் முன்னால் சமதரை. உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. ராஜாம்பாள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள். பாறையின் முதுகு கருஞ்சாம்பலாக, மழமழவென்று இருந்தது. சமதரையைப் பார்த்த முகம் மட்டும் அப்படி இல்லை. செங்கல் மாதிரி சிவந்து, வெங்காயச் சருகு போல ஏடு ஏடாகப் பெயர்ந்து நின்றது.

பூமாலை அந்த முகத்தருகே போய்க் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

“அய்யோ” என்றார். “இது வெயில்ல உரிஞ்சது இல்லைங்க மேடம். நெருப்பு. பெரிய நெருப்பு. அன்னிக்கு நான் கல்லு எடுக்க வந்தப்ப மழை வர்ற மாதிரி இருந்துது. சுத்தியலுக்குச் சுலபமா வந்துதேன்னு இந்த மேல் ஏட்டையே பேத்து எடுத்துக்கினு ஓடிட்டேன். நெருப்புச் சூட்டுல உள்ள இருந்த வாயு கிட்டத்தட்ட மொத்தமும் ஓடிப்போயிருக்கும். மிச்சம் இருந்ததத்தான் நான் அளந்திருக்கேன்.”

“காட்டுத்தீயா சார்?”

“காட்டுத்தீ கடந்து போயிடும். இவ்ளோ ஆழத்துக்கு வேகணும்னா ஒரே எடத்துல நாள்கணக்கா எரிஞ்சிருக்கணும். அதான் புரியல.”

பின்னால் நின்ற கண்ணுசாமி செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இங்க எங்க வளவு இருந்துது சார், எங்க ஜனம் குடியிருந்த எடம். நான் பொறக்கறதுக்கு முன்ன. கொளுத்திட்டாங்க. எங்கம்மாவக் கேளுங்க, சொல்லும்.”

அவருடைய அம்மா மூக்காயி பக்கத்திலேயே சரிவில் சாமைத்தாளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜீப் சத்தம் கேட்டு அவளே வந்தாள். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நிமிர்ந்த நடை. வந்தவள் பூமாலையைப் பார்க்கவில்லை. நேராக ராஜாம்பாளிடம் வந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். சட்டென்று கையை நீட்டி அவளுடைய இடது காதைப் பிடித்து மடக்கி, காதின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

ராஜாம்பாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையைத் தட்டிவிடவும் தோன்றவில்லை.

“நீ எந்த ஊரு கண்ணு? உங்கம்மா யாரு?”

“ரிஷிவந்தியம்ங்க. எங்கம்மா பேரு ராணியம்மாள்.”

“அவங்க வயித்துல பொறந்தவளா? எடுத்து வளத்தவளா?”

“அம்மா! வுடும்மா. வந்தவங்கள எல்லாம் காதப் புடிச்சிக்கினு...” என்று கண்ணுசாமி வந்து தாயின் கையை விலக்கினார். “தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. உங்க வயசுல யாரப் பாத்தாலும் இப்படித்தான்.”

மூக்காயி பாறையடியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருடம். கொம்புப்பாறையைச் சுற்றிச் சில குடிசைகள். மூக்காயிக்கும் அவள் புருஷன் காத்தானுக்கும் பாறையை ஒட்டினாற்போல் வீடு. அந்த வருடம் சாமை நன்றாக விளைந்து, எல்லோருடைய தானியக் குதிரும் மழை படாமல் இந்தப் பாறை முகத்தடியில்தான் இருந்தது. மழைக்காலத்துக்கென்று சேர்த்த விறகும் அங்கேதான். கீழேயிருந்து மரம் வெட்ட வந்த கான்ட்ராக்டருக்கு வளவு இடைஞ்சலாக இருந்தது. காலி பண்ணச் சொன்னார்கள். பண்ணவில்லை. புருஷனும் பொஞ்சாதியும் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாளில் ஆட்கள் வந்து கொளுத்திவிட்டார்கள்.

“என் பொண்ணுக்கு ஜொரம். சாமியம்மா. அஞ்சு வயசு. வூட்ல படுக்கவெச்சி, பக்கத்து வூட்டுக்காரிகிட்ட பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனேன். ஓடறப்ப அவ தூக்கிக்கினான்னு இவளும், இவ தூக்கிக்கினான்னு அவளும் நெனச்சி... நாங்க வந்து சேரும்போது குதிரும் வெறகும் கணகணன்னு கெடக்குது. கிட்டப் போவ முடியல. தானியம் புடிச்ச நெருப்பு லேசுல அவியுமா? நாள்கணக்கா பொகைஞ்சிக்கினே இருந்துது. அப்பால அவனுங்க எங்கள அண்டவே வுடல. கட்டய எடுத்துக்கினு தொரத்தினானுங்க.”

“போலீஸ்ல சொல்லலியா அம்மா?”

“சொன்னோம். அங்க ஊரே இல்லன்னுட்டாங்க.”

ராஜாம்பாள் போனைப் பைக்குள் வைத்தாள்.

“ஆனா அவ சாவல” என்றாள் மூக்காயி. குரல் மாறி, தெம்பாக வந்தது. “கச்சிராயபாளையத்துல ஒரு டீக்கடைக்காரன் சொன்னான். மரம் ஏத்துன லாரியில ஒரு சின்னப்பொண்ணு அழுதுகினே போச்சாம். எவனோ எரக்கப்பட்டுத் தூக்கிக்கினு போயிருக்கான். எங்கியோ ஒரு வூட்ல வளந்திருக்கும். அதுக்குக் காதுக்குப் பின்னால வேர்க்கடல மாதிரி மச்சம். சந்தைக்குச் சந்தை கள்ளக்குறிச்சிக்குப் போயி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து பாத்துக்கினு இருப்பேன். இன்னிக்கு வரைக்கும் போறேன்.”

தன் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம், பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில், இத்தனை வருடமாக இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ராஜாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ தடவை அவளைக் கடந்து போயிருக்க வேண்டும். முகத்தைக்கூடப் பார்த்திருப்பாளோ என்னவோ.

கொஞ்ச நேரம் கழித்துப் பூமாலை தயங்கித் தயங்கிக் கேட்டார். நெருப்பால்தான் அந்த எண் தப்பாக வந்தது என்று நிரூபிக்க வேண்டுமானால் சூடு எட்டாத இடத்திலிருந்து இரண்டு துண்டு கல் வேண்டும். ஒன்று பாறையின் முதுகிலிருந்து. இன்னொன்று இதே முகத்தில், மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் பாகத்திலிருந்து. அதற்குக் கொஞ்சம் தோண்ட வேண்டும்.

“எதுக்கு சார்? அதுல இன்னா வந்துடப் போவுது?” என்றார் கண்ணுசாமி.

“இங்க நெருப்பு எரிஞ்சதுன்னு அச்சுல வரும்ப்பா. நெருப்பு எரிஞ்சதுன்னு மட்டும்தான் கல்லு சொல்லும். யாரு வெச்சாங்கன்னு சொல்லாது. அத நான் இப்பவே சொல்லிடறேன்.”

“நெருப்பு எரிஞ்சதுன்னாவது வரட்டும்” என்றாள் மூக்காயி. “தோண்டிக்க. அங்க இன்னா இருக்குது, சாம்பல்தான்.”

கண்ணுசாமி ஜீப்பிலிருந்து கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார். மேல்மண் ஒரு முழம் சுலபமாக வந்தது. அதற்கடியில் கறுப்பு. ஈர வாசனையோடு கரி. சுட்ட மண்கட்டிகள். கல்லாக இறுகிப்போன சாமைக் கருக்கல். உடைத்தால் உள்ளே தானியம் தானியமாகத் தெரிந்தது. ராஜாம்பாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அட்டவணையில் பார்த்த எண்ணுக்கு விடை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு கணம் அவளுக்குள் எழுந்தது நிஜம். கட்டுரையில் எந்தப் பத்தியில் இதைச் சேர்ப்பது என்றுகூட யோசித்தாள்.

“இன்னும் கொஞ்சம் கீழ போலாம்” என்றாள் கண்ணுசாமியிடம்.

குழியோரத்தில் பாறை வேகாமல் கருஞ்சாம்பலாகத் தெரிந்ததும் பூமாலை ஒரு துண்டைப் பெயர்த்து, முதுகிலிருந்து எடுத்ததோடு சேர்த்துப் பையில் போட்டார். கண்ணுசாமியின் அடுத்த வெட்டில் மண்வெட்டியில் ஏதோ தட்டியது. கல் சத்தம் இல்லை. கண்ணுசாமி குனிந்து கையால் மண்ணை ஒதுக்கினார். வளையம் போல ஒன்று. பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிய பித்தளைத் தண்டை. ராஜாம்பாளின் மூன்று விரல் நுழைகிற அளவுதான் இருந்தது. பூட்டுவாயில் செப்புக் கம்பியைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். அதைச் சுற்றிலும் வெள்ளையாகப் பொடிப்பொடியாக என்னவோ கிடந்தது. பூமாலை அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, “நிறுத்துப்பா, நிறுத்து” என்று கண்ணுசாமியின் தோளைப் பிடித்தார்.

ராஜாம்பாளுக்கு முதலில் தோன்றியது அதை மூட வேண்டும் என்பதுதான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் முட்டி போட்டுக் கையில் மண்ணை அள்ளிவிட்டாள். அதற்குள் மூக்காயி பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

“இன்னாது அது?”

கண்ணுசாமி மண்வெட்டியைப் பாறையில் சாய்த்தார்.

மூக்காயி குழியில் இறங்கி அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். கம்பியைக் கட்டைவிரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

“அவங்கப்பன் முடுக்கினது” என்றாள். “கழண்டு கழண்டு வுழுதுன்னு... காலக் குத்தாத மாதிரி நுனிய உள்ள மடிச்சி...”

அழுகை வரவில்லை. அவளுடைய வாய் திறந்தபடி இருந்தது. கண்ணுசாமி “அம்மா, அம்மா” என்று உலுக்கினார். ஒருவேளை வேறு யாருடைய பிள்ளையின் தண்டையாகவும் இருக்கலாம் என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் மூக்காயி நிமிர்ந்து ராஜாம்பாளைப் பார்த்தாள். முதலில் காதைப் பிடித்துப் பார்த்த அதே கண்கள். இப்போது அவற்றில் எதுவும் தேடுவதாக இல்லை.

“இத்தினி வருசமா உசுரோட இருந்தா” என்றாள். “கல்யாணம் பண்ணிக்கினா. பிள்ள பெத்துக்கினா. எங்கியோ இருந்தா. நீ வந்து சாவடிச்சிட்டியே.”

ராஜாம்பாள் மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்ல நினைத்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது.

கண்ணுசாமி அவர்களைக் கீழே அனுப்பிவைத்தார். வேறொரு ஜீப்பை நிறுத்தி ஏற்றிவிட்டார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. “போங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்” என்றார். பூமாலை எடுத்த கல் துண்டுகள் பையில் இருந்தன. திரும்பும் வழியில் அவர் அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. காலடியில் வைக்கவும் மனம் வராமல் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜீப் கோமுகி அணையை நெருங்கியது.

“சார், அத அளக்காதீங்க” என்றாள் ராஜாம்பாள். “எழுதவேணாம். நானும் அந்த உதாரணத்த எடுத்துடறேன்.”

“எடுத்துட்டா?” என்றார் அவர். “அடியில ஆய்வகப் பிழைன்னு நான் எழுதினது அப்படியே இருக்கும். அங்க ஊரே இல்லன்னு அவங்க சொன்னதும் அப்படியே இருக்கும். அந்தம்மா சொல்லட்டும் மேடம். வேணாம்னு சொன்னா நான் இந்தக் கல்ல அங்கியே கொண்டுபோய்ப் போட்டுடறேன்.”

அதன் பிறகு ராஜாம்பாள் கலைக்களஞ்சியத்தைத் திறக்கவே இல்லை. மனு அடித்தாள், ஜெராக்ஸ் எடுத்தாள், சில்லறை கொடுத்தாள். யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பினாள். தெரியாமல்தானே செய்தேன் என்று ஒரு நாள் தோன்றும். இன்னும் கொஞ்சம் கீழே போகலாம் என்று சொன்னது யார் என்று மறுநாள் தோன்றும். ஒரு நாள் ரிஷிவந்தியத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். எதற்கு வந்தாள் என்று ராணியம்மாளுக்குப் புரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

சித்திரை பிறந்து ஒரு சந்தை நாள். நல்ல வெயில். கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மூக்காயி நின்றிருந்தாள். பின்னால் யாரும் இல்லை. தனியாகவே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ராஜாம்பாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பிரிண்டரில் கை இடித்துக் காகிதமெல்லாம் சரிந்தது.

“ஒக்காரலாமா?” என்றாள் மூக்காயி.

பெஞ்சில் உட்கார்ந்தாள். ராஜாம்பாள் கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

“காலைல பஸ் ஏறிட்டேன். பழக்கம். எறங்கி அந்த பெஞ்சில ஒக்காந்தேன். யாரப் பாக்கறதுன்னு தெரியல. எங்க போறதுன்னும் தெரியல. அதான் வந்தேன்.”

“அம்மா, நான்...” என்று ராஜாம்பாள் ஆரம்பித்தாள்.

“வுடு. உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.” தம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். “ஆனா நெசமாவே அப்படித்தான் இருந்துது.”

“தெரியும்மா.”

“கருமாதி பண்ணிட்டோம். எல்லாத்தயும் ஒரு சட்டியில எடுத்துப் பொதச்சி, கல்லு நட்டாச்சு. ஜனமெல்லாம் வந்துது. அன்னிக்கு ஓடுனவங்க கூட வந்தாங்க. பக்கத்து வூட்டுக்காரி கால்ல வுழுந்து அழுதா. அவளும் இத்தினி வருசமா தூங்கலியாம்.”

ராஜாம்பாளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. மூக்காயி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பூமாலையின் கேள்வியை ராஜாம்பாள் பயந்து பயந்து சொன்னாள். கல்லை அளக்கலாமா, வேண்டாமா. மூக்காயி வெகுநேரம் யோசிக்கவில்லை.

“அளக்கச் சொல்லு. எரிஞ்சது எரிஞ்சதுதானே? எழுதறப்ப பேரு போடுவீங்களா?”

“யாரு பேரு அம்மா?”

“சாமியம்மா பேரு.”

அந்த மாதிரிக் கட்டுரையில் ஒரு குழந்தையின் பெயருக்கு எந்த இடத்திலும் வேலை இல்லை என்பது ராஜாம்பாளுக்குத் தெரியும். ஆனால் அவள் முடியாது என்று சொல்லவில்லை. அன்றைக்கே பூமாலையிடம் பேசினாள். அவர் சொன்னார்: “கல்லு எடுத்த எடத்துக்குப் பேரு வைக்கறது என் உரிமைதான் மேடம்.”

மழைக்காலம் முடிவதற்குள் அளவு வந்துவிட்டது. பாறையின் முதுகுத் துண்டும் மண்ணுக்கடியிலிருந்த துண்டும் மற்ற மலைக் கற்களைப் போலவே கோடிக்கணக்கான ஆண்டுகளைக் காட்டின. வெந்த ஏடு மட்டுமே தவறான வயதைச் சொல்லியிருந்தது. ஓர் ஆய்விதழில் பூமாலையின் திருத்தக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு வெளியானது. மேற்பரப்பில் நீண்ட நேரம் எரியும் தீ, பாறையின் கணக்கைக் குலைத்துவிடும். ஆகவே ஆழத்திலிருந்துதான் கல் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கல் எடுத்த இடம் ‘சாமியம்மாள் பாறை’. தீயைப் பற்றிய தகவல்: முன்பு அங்கே குடியிருந்த மூக்காயி நேரில் சொன்னது. அவ்வளவுதான் அதில் இருந்தது. கொளுத்தியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் முடியாது.

ராஜாம்பாள் கட்டுரையைத் திறந்து அந்தப் பத்தியை எழுதி, அடிக்குறிப்பில் ஆதாரத்தைச் சேர்த்தாள். பிறகு சேமித்தாள். இரண்டு நாள் கழித்து யாரோ ஒரு வாசகர் உரையாடல் பக்கத்தில், ‘பழைய ஆய்வேட்டில் இந்த இடத்துக்குக் கொம்புப்பாறை என்றல்லவா இருக்கிறது, எது சரி?’ என்று கேட்டிருந்தார். இரண்டும் சரி என்று பதில் போட்டாள்.

அடுத்த சந்தை நாளில் மூக்காயி வந்தபோது அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினாள். மூக்காயிக்கு அதில் பாதி புரியவில்லை. பெயர் வந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள்.

“கோடி வருசம்னா எவ்ளோ?”

“நமக்குக் கணக்குக்கு எட்டாதும்மா.”

“ம்.” வெளியே ஏதோ பேருந்து ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜாம்பாள் வாங்கி வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்தாள். “அவளுக்குச் சேவல்னா பயம், தெரியுமா? ஆட்டக் கண்டா பயமில்ல, மாட்டக் கண்டா பயமில்ல. ஒரு சேவல் எதுக்க வந்துட்டா போதும், என் பொடவைக்குள்ள பூந்துக்குவா. அவங்கப்பன் வேணும்னே கொக்கரக்கோன்னு கூவிக்கினு வருவான்...”

சொல்லும்போது மூக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜாம்பாள் கடைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.